ஏழாம் நம்பர் பின்

கையை உள்ளே விட்டுக்கொண்டே எழிலரசன் சிரித்தார்.

கிளாம்ப்புக்கு நேர் கீழே. போன மாதம் கிளியம்மாளின் இரண்டு விரல்கள் நசுங்கிய அதே இடத்தில்.

சட்டைக் கையை மடித்து, மோதிரத்தைக்கூடக் கழற்றாமல், ஐந்து விரலையும் அழகாக விரித்து வைத்திருந்தார். நகைக்கடை விளம்பரத்துக்குக் கை கொடுக்க வந்தவர் மாதிரி.

"பாத்துக்குங்க. மெஷின் கடிக்குதான்னு நல்லா பாத்துக்குங்க."

பார்க்க மூன்று பேர் இருந்தார்கள். விசாரணை ஃபைலோடு எச்.ஆர். ஜெபகுமார். வலது கையில் கட்டோடு கிளியம்மாள். லேப்டாப் முன்னால் கலைமதி. இவள் அதே லைனில் பக்கத்து மெஷின்காரி, சாட்சி சொல்ல வந்தவள்.

ஃபைலின் கடைசித் தாளில் ஒரே வரி. 'விபத்து ஆபரேட்டரின் கவனக்குறைவால் நேர்ந்தது.'

அதன் கீழ் கிளியம்மாள் கையெழுத்துப் போட்டால், நாளைக் காலை வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வரும் கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடையாது.

எழிலரசன் மெயின்டனன்ஸ் மேனேஜர். கார் கதவின் பூட்டைச் சோதிக்கும் இந்த மெஷின் அவருடைய சொந்தக் கைவண்ணம். முறையான கன்ட்ரோலர் வேண்டாம், நானே செய்கிறேன் என்று மார் தட்டிச் செய்தது.

செய்தது இவ்வளவுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு எலக்ட்ரானிக் போர்டு. லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரு யூ.எஸ்.பி. வயர். லேப்டாப் '7 1' என்று அனுப்பினால் போர்டின் ஏழாம் நம்பர் பின் என்கிற கம்பி முனைக்குக் கரண்ட் வரும், கிளாம்ப் மேலேயே நிற்கும். '7 0' என்று அனுப்பினால் கிளாம்ப் காற்றழுத்தத்தில் தொப்பென்று இறங்கிப் பூட்டைப் பிடிக்கும்.

ஸ்கூல் எக்ஸிபிஷனில் ஆறுதல் பரிசு கிடைக்கும். இங்கே ஆண்டு விழாவில் ஷீல்டு கிடைத்தது. வாங்கிக்கொண்டு மைக்கை விடாமல் இருபது நிமிடம் பேசினார். பிரியாணி ஆறிப்போனது.

"இவ '7 0' அடிச்சி என்டர் தட்டினாத்தான் ஜீரோ போகும். ஜீரோ போனாத்தான் இது எறங்கும். இடது கையால தட்டிட்டு வலது கைய உள்ள வுட்டிருக்கா. புத்தி எங்கயோ."

"நான் தட்டவே இல்ல சார்," என்றாள் கிளியம்மாள். "பூட்ட வெச்சிகினு இருந்தேன். அதுவா எறங்கிச்சு."

"அதுவா எறங்குறதுக்கு அது இன்னா சாமியா?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். வேறு யாரும் அந்த வேலையைச் செய்யவில்லை.

"எட்டாங்கிளாஸ் தாண்டாததுங்க கையில கீபோர்டைக் குடுத்தா இப்படித்தான் ஜெபகுமார். அடிம்மா கலைமதி. ஜீரோவைத் தவிர எது வேணா அடி. நான் கைய எடுக்கறனான்னு பாரு."

கலைமதி '7 1' அடித்தாள். கிளாம்ப் அசையவில்லை.

'77' அடித்தாள். தன் பெயரை அடித்தாள். வெறும் என்டரைப் பத்துத் தடவை, கோபத்தில், ஆணி அறைவது மாதிரி தட்டினாள்.

கிளாம்ப் மேலேயே நின்றது. கீழே அந்த ஐந்து விரலும், மோதிரமும், ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல்.

"போதுமா? எழுதிக்குங்க."

ஜெபகுமார் பேனா மூடியைத் திறந்து கிளியம்மாளிடம் நீட்டினார். அவள் இடது கையால் வாங்கினாள். பிடிக்கத் தெரியவில்லை. 'கி' எழுத முயன்று பேப்பரில் ஒரு கோணல் கோடு விழுந்தது.

கலைமதி அதைப் பார்த்தாள். லேப்டாப்பை விட்டு நகர்ந்தாள். மெஷின் பக்கத்தில் வந்து, போர்டில் செருகியிருந்த யூ.எஸ்.பி. வயரின் முனையைப் பிடித்தாள்.

எழிலரசனின் கை வெளியே இருந்தது.

அவ்வளவு வேகம். முழங்கை கம்பியில் இடித்து 'ணங்' என்றது.

பேனா நின்றது.

ஜெபகுமார் காலையிலிருந்து ஃபைலைத் தவிர எதையும் பார்க்காத மனிதர். இப்போது நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"கீபோர்டை அவ்ளோ தட்டினப்ப எடுக்கல. வயரைத் தொட்டதும் ஏன் சார் எடுத்தீங்க?"

"மரத்துப் போச்சு. எவ்ளோ நேரம்தான் வெச்சிருக்கறது."

"அப்ப இன்னொரு தடவ வைங்க."

எழிலரசன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வைப்பதாகத் தெரியவில்லை. அந்த மேடைப் பேச்சு, அந்த ஷீல்டு, அந்த மார் எல்லாம் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கிப்போயிருந்தது.

ஜெபகுமார் கலைமதியிடம் திரும்பினார்.

"கழட்டும்மா."

கழற்றினாள்.

தொப்.

கிளாம்ப் வெறும் இடத்தில் இறங்கி இறுகியது.

வயர் கழன்றால் போர்டுக்கு உயிர் இல்லை. ஏழாம் நம்பர் பின்னில் கரண்ட் இல்லை. அந்த மெஷினுக்கு அதுவும் ஜீரோதான். வயர் லூஸாகி ஆடினாலே போதும். என்டரை யாரும் தொட வேண்டியதில்லை.

கிளியம்மாள் பேனாவை மூடாமலே மேஜையில் வைத்தாள்.

"பரவால்லடி கலைமதி," என்றாள் மெதுவாக. "வயருதான்னு கரெக்டா கண்டுபுட்ச்சிட்ட."

கலைமதி கையிலிருந்த வயரைச் சுருட்டி வைத்தாள்.

அவள் எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. நாம் தோற்றுவிட்டோம், இனி இங்கே நின்று பிரயோஜனமில்லை என்று, லேப்டாப்பை எடுத்து வைக்கத்தான் அந்த வயரைத் தொட்டாள்.