பேர் மட்டும் சொல்லுங்க

"பேர் மட்டும் சொல்லுங்க டீச்சர். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அந்த மழலையர் பள்ளியில் பெரியவர்களுக்கென்று நாற்காலி கிடையாது. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்திருந்தார் அப்பா. அந்த உயரத்திலிருந்து கோபத்தைக் காட்டுவது லேசில்லை. எழுந்தார். ஜன்னல் வரை போனார். திரும்பி வந்தார். உட்காருவதா வேண்டாமா என்று யோசித்து, மறுபடி ஜன்னலுக்கே போனார்.

மகனுக்கு மூன்று வயது. முழங்கைக்குக் கீழே யாரோ கடித்த தடம் சிவந்து தடித்திருந்தது. அவனோ ஒன்றுமே நடக்காதது போல மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பேர் சொல்றது இங்க வழக்கமில்லைங்க," என்றார் டீச்சர். "கழுவி, ஐஸ் வெச்சு, உடனே உங்க வீட்டுக்குப் போன் பண்ணிட்டோம். கடிச்ச குழந்தையோட வீட்லயும் பேசியாச்சு."

"பெரிய இடத்துப் பிள்ளையோ?"

"இங்க எல்லாரும் ஒரே உயரம்தாங்க."

"பேச்சுல ஒண்ணும் குறைச்சல் இல்ல."

மனைவி வாசலோரம் நின்றிருந்தாள். மகனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பட்டையை ஒட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"ஏங்க, விடுங்க. நேரமாச்சு, போலாம்."

"நீ சும்மா இரு. உன்னை மாதிரி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போனா, நாளைக்குப் பையனுக்குக் காது இருக்காது."

போன் கூவியது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் மதியம் இவர்தான் கொளுத்திப் போட்டிருந்தார். இப்போது அது தானாகவே எரிந்துகொண்டிருந்தது. வந்த குரல்பதிவை, டீச்சருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"அண்ணா, பேரை வாங்காம வராதீங்க. அந்தக் குழந்தையை நிறுத்தற வரைக்கும் நாங்க உங்க பக்கம்."

சிவப்பு ஸ்கூட்டரில் மகளைக் கொண்டுவந்து விடும் அம்மாவின் குரல். தினமும் வாசலில் இவர்களைப் பார்த்து நாலு வார்த்தை பேசாமல் போகமாட்டாள்.

"கேட்டீங்கல்ல? நாளைக்கு அந்தக் குழந்தை உள்ள வந்தா, எங்க யார் குழந்தையும் வராது."

டீச்சர் முகம் வாடிப்போனது. பாதி வகுப்பு காலியானால் இந்த இடம் நிற்காது. அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

"இந்த வயசுல வார்த்தைக்கு முன்னாடி பல்லு வந்துடுதுங்க. 'தா'ன்னு கேக்க வராது, 'வேணாம்'னு சொல்ல வராது. பொறுமையாச் சொல்லிக் கொடுத்தா சரியாயிடும். தொரத்திவிட்டா எங்க போய்க் கத்துக்கும்?"

"அது என் கவலை இல்ல. வளர்ப்பு சரியில்ல, அவ்வளவுதான். வீட்ல என்னத்தைப் பாக்குதோ, அதைத்தானே இங்க செய்யும்?"

மனைவியின் கையிலிருந்த செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் நிமிரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பா மகனிடம் போய்க் குந்தினார். "யாருடா கண்ணு கடிச்சா?"

பையன் தீவிரமாக யோசித்தான். கரடி பொம்மையைக் காட்டினான். பிறகு டீச்சரைக் காட்டினான். பிறகு அப்பாவையே காட்டினான்.

"நல்ல சாட்சி," என்று எழுந்தார்.

டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "போன வருஷமும் இப்படி ஒண்ணு நடந்துச்சுங்க. ஒரு சின்னப் பொண்ணுக்குக் கன்னத்துலயே கடி. அவங்க அம்மா தினம் வந்து நின்னு கேட்டாங்க, அழுதாங்க. சொல்லலைங்க."

"கடிச்சதை என்ன பண்ணீங்க?"

"பக்கத்துலயே இருந்தோம். கோவம் வந்தா ஓடி வந்து என் விரலைப் பிடிச்சு நெரிக்கப் பழக்கினோம். அதுக்கப்புறம் யாரையும் கடிச்சதில்ல."

"அதாவது, அந்த அம்மாவை அழ விட்டுட்டு, கடிச்சதை மடியில வெச்சுக் கொஞ்சியிருக்கீங்க." அப்பாவின் குரல் உயர்ந்தது. "நானா இருந்தா அன்னைக்கே அதைக் குடும்பத்தோட வெளிய அனுப்பியிருப்பேன்."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, விழுங்கிக்கொண்டார்.

மூலையில் கட்டைகள் சரிந்தன.

பையன் முகம் சுருங்கியது. உதடு துடித்தது. அப்பா கையை நீட்டுவதற்குள் அவரைத் தாண்டி ஓடி, டீச்சரின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து, உடம்பெல்லாம் நடுங்க நெரித்தான்.

"நெரி, நல்லா நெரி. போயிடும்," என்றார் டீச்சர், அவனை மட்டும் பார்த்து.

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். கையில் போன் மறுபடி கூவியது. திரையில் ஒரு வரி.

"பேர் தெரிஞ்சுதாண்ணா?" சிவப்பு ஸ்கூட்டர்தான்.

மனைவி உள்ளே வந்தாள். அவர் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தாள்.

"உங்ககிட்ட சொல்ல அன்னைக்கு எனக்குத் தைரியம் வரலைங்க," என்றாள். "கன்னத்துல கடி வாங்கினது இந்த ஸ்கூட்டர்க்காரங்க பொண்ணுதான். இன்னைக்கும் இவங்க உங்களை வாய் நிறைய அண்ணாங்கறாங்கன்னா, டீச்சர் இதுவரைக்கும் நம்ம பேரைச் சொல்லாததுனாலதான்."