யார் தயவும் இல்லாமல்

குளத்துக்குப் புதிதாக ஒரு ரிமோட் படகு வந்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டதுமே விர்ரென்று பறந்தது. "கவிழ்ந்தாலும் நானே நிமிர்ந்துக்குவேன்" என்று வாய் ஓயாமல் பெருமையடித்தது. மல்லாந்தால் அவ்வளவுதான் என்று காலமெல்லாம் பயந்து வாழும் ஆமைக்கு அதைக் கேட்கக் கேட்க வயிறெரிந்தது.

ஒருநாள் வேகமாகத் திரும்பும்போது படகு கவிழ்ந்து, ஆகாயத்தாமரை வேரில் சிக்கிக்கொண்டது. கரையில் நின்ற ஆள் ரிமோட்டை எவ்வளவு அழுத்தியும் நிமிரவில்லை. ஆமைக்கு மனசு கேட்கவில்லை. அடியில் நீந்திப்போய் வேரைக் கடித்து அறுத்து, முதுகால் ஒரு முட்டு முட்டியது. படகு சட்டென்று நிமிர்ந்தது.

"பார்த்தீங்களாக்கா? நானே நிமிர்ந்துட்டேன்!" என்று ஆமையிடம் கத்திவிட்டுப் படகு பறந்தது.

ஆமைக்கு வந்ததே கோபம்! "நன்றிகெட்ட ஜென்மம்" என்று கரையிலிருந்த தவளையிடம் புலம்பிக்கொண்டே கரைப் பாறையில் ஏறியபோது, கால் வழுக்கி மல்லாக்க விழுந்தது. மேலே பருந்து ஒன்று வட்டமிட ஆரம்பித்தது. தவளை தள்ளிப் பார்த்தது, அசைக்கக்கூட முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, படகு ஒன்றும் தெரியாமல் கரையோரமாகச் சீறிக்கொண்டு போனது. அது கிளப்பிய அலை பாறையில் மோதி, ஆமையைப் புரட்டி நேராகப் போட்டது.

ஆமை கழுத்தை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்தது. மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகத் தவளையைக் கூப்பிட்டது.

"பார்த்தியா தம்பி? யார் தயவும் இல்லாம எப்படித் திரும்பினேன்னு!"

தவளை வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தது. அது முங்கிய இடத்தில் வெகுநேரம் குமிழி வந்துகொண்டே இருந்தது.