பிலார் சிஸ்டரோட ஒரே சொல்லு

குசினி அடுப்படியில சிரிப்புச் சத்தம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்த்த சிஸ்டர் ஷிரோமிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

நடுக் கதிரையில உட்கார்ந்திருக்கிறது லூர்து. முதியோர் இல்லத்து திரீவீல் டிரைவர், ஐம்பதைத் தாண்டின மனுசன். தலையில முக்காடு மாதிரி வெள்ளைத் துவாய். வாயை ஒரு பக்கமாக் கோணி, வலது கையைச் செத்த கை மாதிரி மடியில போட்டுக்கிட்டு, "பாஆஆலே..."ன்னு இழுக்குறாரு.

அச்சு அசல் பிலார் சிஸ்டர்.

சமையல்கார நிரோஷினி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சவ நிமிரவேயில்ல. நோயாளிகளைப் பார்த்துக்கிற சுதர்சினிக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி.

பிலார் சிஸ்டர் ஸ்பெயின்காரக் கன்னியாஸ்திரி. வயசுப் பிள்ளையா இந்த அம்பிட்டிய ஊருக்கு வந்து, இந்த இல்லத்தைக் கட்டியெழுப்பி, மீன்காரனே பயப்படுற அளவுக்குத் தமிழ்ல பேரம் பேசினவங்க. போன வருஷம் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு. தமிழ் போச்சு, சிங்களம் போச்சு, இங்கிலீஷ் போச்சு. அவங்க ஊர்ப் பாஷையில ஒரே ஒரு சொல்லு மட்டும் நாக்குல ஒட்டிக்கிட்டு நின்னுருச்சு. பாலே.

அவங்க ஊர்ல அது உப்பு மாதிரியாம். எதுலயும் போடுவாங்களாம். சரின்னாலும் பாலே, போதும்னாலும் பாலே, விளங்குதான்னு கேட்டாலும் பாலே, போயிட்டு வாறேன்னாலும் பாலே. இது தெரியாம முதல் கிழமை ஏழு நாளும் ஆளாளுக்குப் பாலைக் காய்ச்சி நீட்டி, பாவம், அந்த மனுசிக்கு வயிறே கெட்டுப்போச்சு.

லூர்துக்கு மட்டுந்தான் பிடிபட்டுச்சு. அவங்களை வருஷக்கணக்கா ஏத்தி இறக்கின ஆளு. போதாததுக்கு, நாய் குரைச்சாக்கூட எந்த வீட்டு நாய்னு செஞ்சு காட்டுற வாய்.

சிஸ்டர் ஷிரோமி மன்னார்ல இருந்து இல்லத்துக்குப் பொறுப்பா வந்தது புதுசு. வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"நீங்க ஒருத்தர் விளங்கினாப் போதுமோ, லூர்து? நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல் எண்டால் அவவுக்கு ஆர்? ஸ்பெயின்ல எண்டால் எல்லாருக்கும் அவவின்ர பாஷை விளங்கும். அனுப்பிறதுதான் நல்லம்."

"அங்க யாரு இருக்கா சிஸ்டர்? கூடப் பிறந்தவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. இந்த வீட்டை விட்டா அவங்களுக்கு ஏது வீடு?"

"நான் சொல்லுறது விளங்கேல்லையோ? உங்களை மட்டும் நம்பி ஒரு நோயாளியை வச்சிருக்க ஏலாது. இந்தக் கிழமை மேலிடத்தோட கதைக்கப் போறன்."

அன்னைக்கு லூர்து தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாரு. அந்த ஆள்தான் இப்ப இந்த ஆட்டம் ஆடுறாரு.

"வெக்கமா இல்லையோ!" சிஸ்டர் ஷிரோமி போட்ட சத்தத்துல நிரோஷினி கையில இருந்த அகப்பை விழுந்துருச்சு. "உங்களுக்குச் சோறு போட்ட மனுசியை வச்சுப் பகிடி விடுறியளோ? இனி நீங்க வேலைக்கு வரத் தேவையில்லை!"

சுதர்சினி வாயைத் திறந்தா. லூர்து ஒரு பார்வை பார்த்தாரு. அவ வாயை மூடிக்கிட்டா.

"சரிங்க சிஸ்டர்"னு சாவியை மேசையில வச்சுட்டு மனுசன் நடந்துட்டாரு. ஒரு மன்னிப்புக்கூட இல்ல.

மறுநாள் காலையில பிலார் சிஸ்டர் அறையில இருந்து வெட்டுன மாதிரி ஒரு சத்தம். "பாலே!"

ஐயோ, லூர்து இல்லையேன்னு சிஸ்டர் ஷிரோமி எழும்பி ஓடினாங்க. அதுக்குள்ள சுதர்சினி திரையை இழுத்து விட்டுட்டா. "வெயில் கண்ணுல குத்துதாம்."

"பாலே, பாலே, பாலே..."

"வாறேன் வாறேன்! தேத்தண்ணிக்குச் சீனி காணாதாம்," குசினியில இருந்தே நிரோஷினி குரல் குடுத்தா. 

கொஞ்ச நேரத்துல நீளமா, அடிவயித்துல இருந்து, "பாஆஆலே..."

"ஐயோ, நோகுது போல! டொக்டரைக் கூப்பிடுங்கோ!"

"நோவு இல்ல சிஸ்டர். மணி அடிச்சிருச்சு, இன்னும் பூசைக்குக் கூட்டிட்டுப் போகல்லைன்னு கோவம்," சுதர்சினி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வந்தா. ஏத்தி உட்கார வச்சதும் கிழவி முகத்துல ராணிக் களை. போற வழியில நல்ல கையால சிஸ்டர் ஷிரோமி கன்னத்தைத் தட்டி, மெதுவா, "பாலே."

"இது?"

"இது உங்களுக்கு. பயப்படாத மகளேன்னு அர்த்தம்."

சிஸ்டர் ஷிரோமி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க. "ஆர் உங்களுக்கு இதெல்லாம் பழக்கினது?"

"லூர்து அண்ணன்தான். தினமும் குசினியில செஞ்சு காட்டி, இது என்ன, இது என்னன்னு கேட்பாரு. பிழையாச் சொன்னவங்கதான் அன்னைக்குத் தேங்காய் திருவணும். முந்தாநாள் வரைக்கும் நிரோஷினிதான் திருவினா."

"அப்ப நேற்றுச் சிரிச்சது?"

"'போதும்'ங்கிறதை நான் 'இன்னும் போடு'ன்னு சொல்லிட்டேன் சிஸ்டர்."

சிஸ்டர் ஷிரோமி அங்கேயே நின்னுக்கிட்டு லூர்துக்குப் போன்ல கோல் எடுத்தாங்க.

"லூர்து, உடன வாங்கோ. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிலார் சிஸ்டர் ஒரு இடமும் போகமாட்டா, இஞ்சதான் இருப்பா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"ஒண்டு கேக்கிறன். நேற்று ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உங்களை வேலையால நிப்பாட்டியிருக்க மாட்டனே. ஏன் பேசாமப் போனனீங்கள்?"

"நிப்பாட்டணும்னுதானே சிஸ்டர், நீங்க குசினிப் பக்கம் வர்ற நேரமாப் பார்த்து ஆரம்பிச்சேன்! நான் இல்லாம ஒரு நாள் ஓடுறதை நீங்க வேற எப்படிப் பார்க்குறது?"