சிங்கம் எந்தப் பக்கம்?

மிருகக்காட்சிசாலையில் அதே குரங்குக் கூண்டு மூன்றாம் முறையாக எதிரில் வந்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. இடுப்பில் சின்னவன், கையில் பெரியவள். இரண்டும் "சிங்கம், சிங்கம்" என்று காலையிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தன.

"யாரையாவது வழி கேளுங்களேன்!"

"நானா? இந்த இடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு," என்றான் கணவன்.

வரும்போது அப்படித்தான் இருந்தது. குறுக்குச் சந்துகளில் புகுந்து வந்தான். மாலை வரைக்கும் நிழல் நிற்கிற மரமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினான். வாசல் காவலாளி சலாம்கூட வைத்தார். உள்ளே நுழைந்த பிறகுதான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல முழித்தான்.

"வருஷத்துக்கு ஒரு நாள் லீவு, அதுவும் இப்படி! இருநூறு தடவை வந்திருக்கேன்னு சொன்னதெல்லாம் புளுகுதானே?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"புளுகு இல்ல. டூர் ஆளுங்களை வேன்ல கொண்டாந்து இறக்கிட்டு, அவங்க பார்த்துட்டு வர்ற வரைக்கும் அந்த மரத்தடியிலதான் படுத்திருப்பேன். உள்ள கால் வச்சது இன்னைக்குத்தான்."

அவள் சின்னவனை அவன் தோளில் ஏற்றிவிட்டு, தண்ணீர் வாளியோடு வந்த ஊழியரிடம் விறுவிறுவென்று போனாள்.

"அண்ணே, சிங்கம் எந்தப் பக்கம்? இதுவரைக்கும் பார்க்காதவங்க மூணு பேர் வந்திருக்காங்க."