ஆரஞ்சு முனை

தீயணைப்பு வண்டி போய்விட்டது. சரளைப் பள்ளத்துக்கு மேலே, மேட்டுப் புல் பெரிய வயல் அளவுக்குக் கருகிக் கிடந்தது.

வனத்துறை ரேஞ்சர் டட்டில் மட்டும் போகவில்லை. அங்கே சுட்டுப் பழக வந்திருந்த வெர்லின் பிக்கப் வண்டியில் இருந்த தோட்டாப் பெட்டியைக் கிளறி, இரண்டைப் பொறுக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். முனையில் ஆரஞ்சு வர்ணம்.

"டிரேசர். போற வழியெல்லாம் எரிஞ்சுக்கிட்டே போகும். ஜூலை மாசத்துல, இந்தக் காய்ஞ்ச புல்லுலயா சார்? வர்ற வழியில டிரேசர் சுடக்கூடாதுன்னு அத்தாம் பெரிய போர்டு வச்சிருக்கோமே, படிக்கலையா?"

வெர்ல் சிரித்தான்.

"படிச்சேன் தம்பி. ஆனா என் கண்ணுக்கு ஆரஞ்சு முனையும் ஒண்ணுதான், செம்பு முனையும் ஒண்ணுதான். பொறந்ததுலேருந்தே அப்படித்தான். பொறுக்கிப் போடுறது இவ வேலை." தலையசைப்பில் மனைவியைக் காட்டினான். "எங்க வீட்டு கலர் டிவி."

ரேஞ்சரும் சிரித்துவிட்டார்.

லொரீன் சிரிக்கவில்லை. அவர் இடுப்பில் தொங்கிய கைவிலங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணுவம் கழித்துப்போட்ட தோட்டாக்களை வெர்ல் மொத்தமாக வாங்குவான். ஐந்துக்கு ஒன்று டிரேசராக இருக்கும். குளிர்காலத்தில் பனிமேல் சுட்டு, அவை நெருப்பாய்ச் சீறிப் போவதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு குஷி. கோடையில் அவற்றைத் தொடக்கூடாது. ஆகவே சாப்பாட்டு மேசையில் தோட்டாக்களைக் கொட்டி, ஆரஞ்சு முனைகளைப் பழைய காபி டின்னில் தனியாகச் சேர்ப்பது லொரீனின் பொறுப்பு.

அதே மேசையில்தான் போன ஜனவரியில் ரொட்டி கருகிவிட்டது என்று அவள் நெற்றிக்கு நேராக, இன்று சுட்ட இதே துப்பாக்கியைப் பிடித்தான். அவள் கண்ணை மூடியதும் விழுந்து விழுந்து சிரித்தான். "விளையாட்டுக்குத்தாண்டி" என்றான்.

மறுநாள் அவள் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனாள். "யாரு சாட்சி?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை. காபி கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு விளையாட்டு அடிக்கடி நடந்தது.

இன்றைக்குச் சாட்சிக்கு ஒரு மேடே கருகிக் கிடந்தது. அபராதம் அல்லது சிறை, அல்லது இரண்டும் என்று போர்டில் எழுதியிருந்தது. இவனைக் கூட்டிக்கொண்டு போகட்டும். துப்பாக்கியையாவது எடுத்துக்கொண்டு போகட்டும்.

ரேஞ்சர் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். லொரீன் ஓரடி முன்னே வந்தாள்.

அவர் அதைத் திறந்து, உள்ளே காலி என்று பார்த்துக்கொண்டு, தோளில் வைத்துத் தூரத்துப் பாறை ஒன்றைக் குறிபார்த்தார்.

"எங்க அப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

"இப்ப இந்த மாதிரி எவன் செய்யுறான்? கட்டையைத் தடவிப் பாருங்க தம்பி. வால்நட் மரம்."

கட்டையைத் தடவினார். அப்பாவோடு மான் வேட்டைக்குப் போன கதையைச் சொன்னார். வெர்லும் ஒன்று சொன்னான். கொஞ்ச நேரத்தில் 'சார்' என்பது 'அண்ணே' ஆகியிருந்தது.

"தெரிஞ்சு செய்யல, மொத தடவை வேற" என்றபடி ரேஞ்சர் ஒரு சீட்டை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "கோர்ட்டுல அபராதம் கட்டிடுங்கண்ணே. தோட்டாப் பெட்டியை மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

"அப்ப... துப்பாக்கி?" என்றாள் லொரீன்.

இரண்டு ஆண்களும் திரும்பினார்கள்.

"துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போகலையா?"

"அதை எதுக்கும்மா?" ரேஞ்சர் கனிவாகச் சொன்னார். "தோட்டா பண்ணுன தப்புக்குத் துப்பாக்கி என்ன செய்யும்? இது அரசாங்க நிலம், அதனாலதான் இவ்வளவு கெடுபிடி. சொந்த வீட்டுல, சொந்த நிலத்துல நான் வந்து கேக்க முடியுமா?"

துப்பாக்கியை இரண்டு கையாலும் வெர்லிடம் நீட்டினார். பிறகு அவள் பக்கம் குனிந்தார். "மனசுல வச்சுக்காதீங்கம்மா. ஒண்ணு ரெண்டு எல்லார் கண்ணுக்கும் தப்பத்தான் செய்யும்."

அவருடைய வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஏறி மறைந்தது.

வெர்ல் அசையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் கண்ணுக்கு இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்புனதில்லையே லொரீன்."

இன்றும் தப்பவில்லை. காலையில் அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது, காபி டின்னிலிருந்து ஒரு கை அள்ளி அந்தப் பெட்டிக்குள் போட்டவள் அவள்தான்.

வெர்ல் துப்பாக்கியை முன்சீட்டில் நடுவே சாய்த்து வைத்தான். வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தான். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏறு. வீட்டுக்குப் போகலாம்."