மனுஷக் கை

"நீ என்னத்தப் பெருசா கிழிக்கிற? புரோகிராமைக் கன்டெய்னர் இமேஜ்னு ஒரு பொட்டலமா மூட்டை கட்டி கஸ்டமருக்கு அனுப்புற. இதுக்கு ஒரு ஆளா?" ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மேனேஜர்.

எதிரே நின்ற என்ஜினியர் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணு. ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் மனுஷக் கை படவே கூடாது."

"அப்புறம் எனக்கு என்ன வேலை சார்?"

"அதைப் போய் ஹெச்.ஆர். கிட்ட கேளு!"

வெள்ளிக்கிழமை, முதலாளியம்மா முன்னால் அவள் ஓட்டிக் காட்டினாள். புரோகிராமில் ஒரு வரியை மாற்றியதும் இமேஜ் தானாக உருவாகி, சோதனையும் முடிந்து, கஸ்டமருக்குப் போய்விட்டது.

மேனேஜர் கைதட்டினார். "பாத்தீங்களா மேடம்? இனிமே இவளுக்குக் குடுக்கற சம்பளம் தண்டம்."

முதலாளியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு இது மக்கர் பண்ணா சரி பண்ண இந்தப் பொண்ணு வேணும். ஆமா, நீங்க ஓகே பட்டனை அமுக்கினாத்தானே இமேஜ் வெளிய போகும்? அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்?"

"அதுவும் மனுஷக் கைதானே மேடம்? சார் சொன்னபடியே அந்தப் பட்டனையும் எடுத்துட்டேன்" என்றாள் அவள்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப... எனக்கு என்ன வேலை?"

அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"அதைப் போய் ஹெச்.ஆர். கிட்ட கேளுங்க சார்!"