தகரத் தாமரை

கொரியக் கோயில்களின் இறவாரத்தில் பச்சையும் சிவப்புமாகத் தீட்டியிருக்கும் தாமரைகளைப் பார்த்து, டோனி தகரத்தில் ஒரு பெரிய தாமரை செய்திருந்தான். மோட்டார் ஓடினால் இதழ்கள் விரிந்து மூடும். எந்த வேகத்தில் என்பதுதான் வெகுநாள் பிடிபடவில்லை. நர்ஸாக இருக்கும் அவன் மனைவி ஜெனிஃபர் நைட் டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குவாள். கடைசியில் அவள் மூச்சைப் பார்த்துத்தான் வேகத்தை அமைத்தான்.

கண்காட்சி நடத்தும் சந்திரசேகர் அதை எடுத்துப்போக டெல்லி கரோல் பாக்கில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தபோதும் அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். டோனி மோட்டாரைக் கழற்றித் தனியாகச் சுற்றி வைத்தான். ஆனாலும் தாமரை மெல்ல விரிந்து மூடிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஆடுதே டோனி?”

“காத்தா இருக்கும் சார்.”

ஜனவரிக் குளிருக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறியும் ஓடவில்லை. ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத டோனிக்கு அதையெல்லாம் யோசிக்கத் தெம்பில்லை.

“ஜல்தி கட்டுங்க. கீழ வண்டி நடுரோட்டுல நிக்குது.”

இதழ்கள் மூடும் நேரம் பார்த்து டோனி நாடாவைச் சுற்றி இறுக்கினான். அவை ஒருமுறை திமிறிவிட்டு அடங்கின. இருவருமாகத் தூக்கிப் பெட்டிக்குள் இறக்கினார்கள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

“ஏங்க, ஜன்னலக் கொஞ்சம் தொறங்க. மூச்சு முட்டுது.”

டோனி போய்த் திறந்துவிட்டு வந்தான். சந்திரசேகர் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தபடி டேப்புக்காகக் கை நீட்டினார்.

“தொறந்தீங்களா?” என்றாள் ஜெனிஃபர்.